சடங்கன்பாடி முதல் தரங்கம்பாடி வரை: ஒரு கடற்கரையூரின் கரைமாற்றமும் வரலாறும்

மயிலாடுதுறை மாவட்டத்தில், காவிரிப் படுகையின் கிழக்கு விளிம்பில் உள்ள தரங்கம்பாடியைப் பற்றிய வரலாற்றெழுத்து பெரும்பாலும் 1620-இல் தொடங்குகிறது. தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதருடன் டேனியர் செய்துகொண்ட உடன்படிக்கை, டேன்ஸ்போர்க் கோட்டை, 1706-இல் சீகன்பால்குவின் வருகை, அதனையொட்டி எழுந்த அச்சகம் ஆகியன முன்னிற்க, நிலமும் கடலும் வெறும் பின்புலமாகிவிடுகின்றன. கரையின் மாற்றத்தையும் சேர்த்துப் படித்தாலன்றி இவ்வூரின் வரலாறு முழுமை பெறாது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஊர்ப்பெயரே இதற்குச் சான்று. 'தரங்கம்' என்பதற்கு அலை என்னும் பொருளிருப்பதால் 'அலைகள் பாடும் ஊர்' என்ற விளக்கம் பரவலாக வழங்குகிறது. கேட்க இனிமையானதுதான், எனினும் மாசிலாமணிநாதர் கோயிலின் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலக் கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரப்பட்டினம் என்றும் சுட்டுகிறது. 'பட்டினம்' கடற்கரை வணிக ஊரைக் குறிக்கும் சொல். எனவே டேனியர் வெற்று மணலில் ஊர் அமைத்தனர் என்னும் தோற்றம் பிழையானது.

14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த இக்கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. அலை மோதும் இடத்தில் எவரும் கற்றளி எழுப்பியிருக்கமாட்டார்கள். கட்டப்பட்ட காலத்தில் அதன் கிழக்கே கணிசமான நிலம் இருந்திருத்தல் வேண்டும். ஆக, கரையரிப்பு 2004-இல் தொடங்கியதன்று. ஆழிப்பேரலை ஒரு நாள் நிகழ்வு, அரிப்போ நூற்றாண்டுகளாக நீளும் இயக்கம்.

இவ்வியக்கத்தில் பருவக்காற்றுகளுக்குப் பெரும்பங்குண்டு. தென்மேற்குப் பருவத்தில் கரையோர நீரோட்டம் மணலை வடக்கே நகர்த்துகிறது; அக்டோபர் முதல் டிசம்பர் வரை, ஊருக்குப் பெருமழையும் புயலும் வரும் வடகிழக்குப் பருவத்தில், அது தெற்கே திரும்புகிறது. இழந்த மணலை ஈடுசெய்வது ஆற்று வண்டல். 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின், காவிரி கொணரும் வண்டலில் ஒரு பகுதி மேலேயே தங்கிவிடுகிறது. ஆகவே இக்கடற்கரையின் அரிப்பை 'இயற்கைச் சீற்றம்' என்று மட்டும் எழுதிச் செல்வது பொருந்தாது.

வணிகத்தின் சரிவுக்குக் காரணம் வேறு. 1845-இல் தரங்கம்பாடியும் வங்காளத்துச் சேரம்பூரும் 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர் கைக்கு மாறின. 1861-இல் நாகப்பட்டினத்திற்கு இருப்புப்பாதை வந்ததும் சரக்கு அங்கே திரும்பியது. 1926-இல் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தொடர்வண்டியும் 1986-இல் நின்றுபோயிற்று. மீன்பிடித்தல் மட்டும் நிலைத்தது.

2004 டிசம்பர் 26-க்குப் பின் நிகழ்ந்தவற்றை இப்பின்னணியில் வைத்தே மதிப்பிடல் வேண்டும். கோட்டையும் பழந்தெருக்களும் பாரம்பரியச் சின்னங்களாகப் பேணப்பட்டன. கரையோரம் வாழ்ந்த மீனவர்க்கோ கடலிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் புதுவீடு என்பது மறுவாழ்வுக் கொள்கையாயிற்று. படகும் வலையும் கரையில் கிடக்க, குடியிருப்பு உள்நிலத்திற்குப் பெயர்ந்தது. அதே கரையில் நிற்கும் டேனியர் கட்டடம் காக்கப்பட வேண்டிய பழமையாகவும், மீனவர் குடியிருப்பு அகற்றப்பட வேண்டிய இடராகவும் பார்க்கப்பட்டன. 1620-இலிருந்து தொடங்கும் வரலாற்றெழுத்துக்கும் இப்பாகுபாட்டில் பங்குண்டு.