பதின்வயதினர் எடைக் குறைப்பும் உடற்தகுதியும் (திருவண்ணாமலை)

வளர்ச்சியைக் கெடுக்காமல் மிகைக் கொழுப்பைக் குறைத்து, மூச்சுத் திறனையும் தசை வலுவையும் கூட்டுவதே பதின்வயதினரின் எடைக் குறைப்பு. பெரியவர்களுக்கு எடை இறங்க வேண்டும். வளரும் பிள்ளைகளில் பலருக்கு அது ஏறாமல் நின்றாலே போதும், கூடும் உயரம் மீதியைச் சரிக்கட்டிவிடும். எனவே பெரியவர்களின் பிஎம்ஐ அளவுகள் இவர்களுக்குப் பொருந்தா. இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர்களின் அமைப்பு 2015இல் வெளியிட்ட, 5 முதல் 18 வயது வரைக்குமான வளர்ச்சி வரைபடங்கள் இதற்கென இருக்கின்றன.

திருவண்ணாமலையில் எடையைப் பற்றிப் பேச்செடுத்தால் "கிரிவலம் போ" என்பார்கள். மலையைச் சுற்றி 14 கி.மீ. 60 கிலோ எடையுள்ள ஒரு மாணவர் ஒரு சுற்று நடந்தால் ஏறத்தாழ 600 முதல் 700 கலோரி செலவாகும். ஒரு கிலோ கொழுப்பு கரையச் சுமார் 7,700 கலோரி செலவாக வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ஆக, பௌர்ணமிக்குப் பௌர்ணமி சுற்றினால் கரைவது 100 கிராமுக்கும் குறைவு. வந்த களைப்பில் இரண்டு பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்துச் சாப்பிட்டால் அதுவும் திரும்பிவிடும். புண்ணியக் கணக்கு வேறு.

அதே பாதையில் தினமும் விடியலில் மூன்று, நான்கு கி.மீ. போவது வேறு கதை. தொடக்கத்தில் ஒரு மின்கம்பம் வரை மெல்லோட்டம், அடுத்த இரண்டு கம்பம் வரை வேகநடை என்று மாற்றி மாற்றிப் போகலாம். வாரங்கள் போகப் போக ஓட்டத்தைக் கூட்டலாம். வலம் வருவது வெறுங்காலில்தான் வழக்கம், ஓட்டத்துக்கு ஷூ வேண்டும். வெயில் ஏறியபின் தார்ச்சாலையில் ஓடக் கூடாது.

5 முதல் 17 வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பும், வாரத்தில் மூன்று நாளாவது தசை, எலும்பை வலுவாக்கும் பயிற்சியும் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். விளையாட்டில் ஆசை உள்ளவருக்கு இது பாரமே அல்ல. கபடியை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு ரெய்டு 30 விநாடி, அதற்குள் பாய்வது, திமிறுவது, கோட்டுக்குத் திரும்புவது எல்லாம் மூச்சடக்கி நடக்கின்றன. தண்டால், பஸ்கி சேர்த்தால் தனியாக ஜிம் தேவைப்படாது.

கபடியில் ஒரு ஆபத்தும் உண்டு. இளையோர் பிரிவுகளுக்கு எடை வரம்பு இருப்பதால், எடை பார்க்கும் நாளுக்கு முன் சிலர் சோறு தண்ணீரை நிறுத்துகிறார்கள். இறங்குவது பெரும்பாலும் உடலின் நீர். கொழுப்பு அப்படியே இருக்கும், ஆட்டத்தில் கால் பின்னும். பயிற்சியாளர்கள் இதை அனுமதிக்கவே கூடாது.

உணவில் பட்டினி வேண்டாம். 13 முதல் 15 வயதுப் பையனுக்கு நாளுக்குச் சுமார் 45 கிராம், பெண்ணுக்கு 43 கிராம் புரதம் தேவை. பத்தாம் வகுப்பு வரை சத்துணவில் முட்டை கிடைக்கிறது. மாவட்டத்தில் விளையும் மல்லாட்டையை (நிலக்கடலையை) வேகவைத்து ஒரு கைப்பிடி தின்னலாம். எண்ணெய்ச் சத்து மிகுந்தது என்பதால் பொட்டலம் பொட்டலமாக வேண்டாம். ஜவ்வாது மலைச் சாமையும் நல்லதே, ஆனால் அளவு மீறினால் சாமையும் சோறுதான். முதலில் நிறுத்த வேண்டியவை குளிர்பானமும் மாலை நேர பஜ்ஜியும்.

விளையாடும்போது மயக்கம், நெஞ்சுவலி வந்தாலோ, பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோனாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.