முதலூர் என்று ஏன் பெயர் வந்தது?

முதலூர் என்றதும் நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு மஸ்கோத் அல்வாதான் நினைவுக்கு வரும். நாகலாபுரத்துக் கரிசலில் வளர்ந்த எனக்குச் சாத்தான்குளம் பக்கத்துத் தேரியும் பனங்காடும் வேறு உலகம். பணி ஓய்வுக்குப் பிறகு திருநெல்வேலிச் சரித்திரம் படிக்கையில்தான் அந்தப் பெயரின் கதை தெரிந்தது.

1780-இல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் இருந்தவர்கள் 40 பேர்தான். அவர்களில் முக்கியமானவர் குளோரிந்தா அம்மாள். மராத்திப் பிராமண விதவையான அவருக்கு 1778-இல் சுவார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் கொடுத்தார். 1785-இல் அங்கே ஆலயம் எழும்பியது.

தெற்கே தேரிக்காட்டில் வேலையைத் தொடங்கியவர் தாவீது சுந்தரானந்தம். அந்தப் பக்கத்துப் பிள்ளைதான். தஞ்சாவூர் போய்க் கிறிஸ்தவராகி, உபதேசியாராகத் திரும்பி வந்தார். 1797-இல் சண்முகபுரத்தில் சத்தியநாதன் ஐயர் சில குடும்பங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். எல்லாரும் ஏழைப் பனையேறிகள். உடனே தொல்லை ஆரம்பித்தது. அடி உதை, வீடிழப்பு. சிறு ஜெபவீடும் தப்பவில்லை. மறுத்துச் சொல்லியிருந்தால் பழையபடி நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர்கள் சொல்லவில்லை.

சுமார் கி.பி. 112-இல் ரோம ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜானுக்கு எழுதிய கடிதமும் இதே கதைதான். கிறிஸ்தவனா என்று மூன்று முறை கேட்பாராம். ஆம் என்று நின்றால் மரண தண்டனை. விடியுமுன் கூடிப் பாடுவதும், திருடமாட்டோம் என்று உறுதி எடுப்பதும்தான் அவர்கள் செய்த குற்றம். அடிமைப் பெண்கள் இருவரை வதைத்தும் வேறொன்றும் கிடைக்கவில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தாவீது அடிக்கு அடங்கிப் போகிறவர் அல்ல. ஜனங்களைக் காக்கத் தடிக்கம்புக்காரர் கூட்டம் ஒன்று சேர்ந்தது. அது சரியா என்று இன்றும் கேட்கலாம். பெண்டு பிள்ளைகளோடு அடிபட்டவனிடம் கேட்டால் வேறு பதில் வரும்.

தடியைவிடப் பெரிய பதிலை அவர் 1799-இல் கண்டுபிடித்தார். ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஒருவரின் பண உதவியோடு நிலம் வாங்கி, துரத்தப்பட்டவர்களைக் குடியேற்றினார். சொந்த மண்ணிலிருந்து யார் துரத்த முடியும்? அதுவே முதல் ஊர், முதலூர்.

சில வருடங்களில் தாவீது காணாமல் போனார். நஞ்சு வைத்துக் கொன்றார்கள் என்பது அந்தப் பக்கத்துப் பேச்சு. அவருக்குக் கல்லறை இல்லை. ஊர் இருக்கிறது. எந்த மதத்தவரானாலும் அடுத்த முறை அல்வா வாங்கப் போகிறவர்கள் அவரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.