கூலி

கல்லூரிச் சேர்க்கைப் படிவத்தில் ‘தந்தை தொழில்’ என்ற இடத்தில் என் மாணவிகள் பலர் எழுதும் சொல் ‘கூலி’. ஆவடியிலிருந்து வந்தாலும் அம்பத்தூரிலிருந்து வந்தாலும் அதுதான். ‘தாய் தொழில்’ என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’. அந்தத் தாய் பூந்தமல்லியில் கலவை சுமக்கும் சித்தாளாக இருந்தாலும்கூட.

தமிழ் படித்தவளுக்கு இது உறுத்துகிறது. கூலி ஆளும் அல்ல, தொழிலும் அல்ல, உழைப்புக்குப் பெறுவது. 619ஆம் குறளில் அது முயற்சியின் பயன். கூலியைக் கொடுக்கலாம், வாங்கலாம், கேட்டுச் சண்டை போடலாம். ஒருவர் கூலியாக இருப்பது எப்படி?

போர்த்துகீசியர் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குப் போன ‘கூலி’ அங்கே ஆளின் பெயரானது. அதன் மூலம் நம் கூலி என்பார் உண்டு; குஜராத்தின் ‘கோலி’ என்ற சாதிப் பெயர் என்பாரும் உண்டு. இரண்டும் கலந்திருக்கலாம் என்பது என் எண்ணம். துருக்கியில் ‘குல்’ என்றால் அடிமை. சீனர்கள் இந்த ஒலிக்கு இரண்டு எழுத்துகளைப் பொருத்தினார்கள்: ஒன்று கசப்பு, மற்றது வலிமை. அகராதிக்காரர் எவருக்கும் இவ்வளவு பொருத்தமாக அமைந்ததில்லை.

1860இல் சென்னையிலிருந்து ‘டுரூரோ’ கப்பல் ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு நேட்டாலுக்குப் போனது. அங்கே ‘கூலி’ வசவாயிற்று. வழக்கறிஞர் காந்தியும் ‘கூலி பாரிஸ்டர்’தான். ஒப்பந்தக் கப்பல்களில் 100 ஆண்களுக்கு 40 பெண்கள் வேண்டும் என்று விதி இருந்தது. நேட்டாலில் ஆணுக்கு மாதம் பத்து ஷில்லிங்; பெண்ணுக்கு அதில் பாதி. தலை எண்ணும்போது முழு ஆள், கூலி கொடுக்கும்போது அரை ஆள்.

எடின்பரோவில் மருத்துவம் படித்த டர்பன் பெண் டாக்டர் குணம், 1991இல் வெளியிட்ட தன்வரலாற்றுக்கு ‘கூலி டாக்டர்’ என்றே பெயர் வைத்தார். 1903இல் கருவுற்ற நிலையில் தனியாகக் கல்கத்தாவில் கப்பலேறிய தன் கொள்ளுப்பாட்டியைத் தேடிப்போன கயூத்ரா பகதூர், தன் நூலுக்கு ‘கூலி வுமன்’ என்று வைத்தார். வசவை அவர்கள் அட்டையிலேயே அச்சடித்தார்கள்.

நம் ஊரில் 1976இல் சம ஊதியச் சட்டம் வந்தது. காலையில் சாலையோரம் ஆள் எடுக்க வரும் மேஸ்திரி இன்றும் இரண்டு கூலி சொல்கிறார், ஆணுக்கு ஒன்று, சித்தாளுக்கு ஒன்று. (‘மேஸ்திரி’ போர்த்துகீசியச் சொல். கூலியை எடுத்துக்கொண்டு மேஸ்திரியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.) எத்தனை ஆண்டு கலவை சுமந்தாலும் சித்தாள் கொத்தனாராவது அரிது.

போன வருடம் ஒரு மாணவி ‘இல்லத்தரசி’யை அடித்துவிட்டு ‘கூலி’ என்று எழுதினாள். பிறகு படிவத்தோடு என்னிடம் வந்தாள்.

“அப்பாவுக்கும் அதே தான் எழுதியிருக்கேன் மேடம். ரெண்டு பேருக்கும் ஒண்ணே போடலாமா? அம்மாவுக்குக் கம்மியாத்தானே குடுக்குறாங்க?”