காமன் கூத்து (மலையகம்)

காமன் கூத்து என்பது இலங்கை மலையகத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் மாசி மாதத்தில் நிகழ்த்தும் சடங்குசார் கூத்து. சிவனின் தவத்தைக் கலைத்த காமன் எனும் மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிக்கப்படுவதும், அவன் மனைவி ரதியின் புலம்பலுக்குச் சிவன் இரங்க மீண்டும் உயிர்பெறுவதும் இதன் கதை. பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியவற்றோடு மலையகத்தின் முதன்மைக் கூத்துகளுள் ஒன்று.

கம்பம் ஊன்றியபின் கூத்து பல நாள்கள் தொடரும். தப்பு முதன்மை இசைக்கருவி. மாஸ்டர் எனப்படும் அண்ணாவியார் பாட்டையும் ஆட்டத்தையும் பழக்குவார். பகலில் தோட்ட வேலை, இரவில் ஒத்திகை. ரதி வேடத்தை மரபாக ஆண்களே ஏற்பர். நடிகர் லயம் எனப்படும் தொழிலாளர் வரிசைக் குடியிருப்புதோறும் ஆடிச் செல்வதால் இதனை மேடை நாடகமாக மட்டும் வகைப்படுத்துவது பொருந்தாது.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்டோர் இக்கூத்தைக் கொணர்ந்தனர். 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்து தேயிலை பரவியபோதும் கூத்து நிலைத்தது. தமிழ்நாட்டிலும் காமன் பண்டிகை உண்டு. மன்மதன் எரிந்தானா இல்லையா என்று பாடி வாதிடும் எரிந்த கட்சி, எரியாத கட்சி லாவணி அங்குப் புகழ்பெற்றது.

இக்கூத்து அடங்கிய மலையக வாய்மொழி மரபைத் தொகுத்தவர்களுள் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) முன்னோடி; இவர் தோட்டத்தில் பிறந்தவர்.