வீட்டு வாசல் கேமராவின் வரலாறு

குடியிருப்புத் தெருக்களில் இன்று வீட்டுக்கு வீடு பொருத்தப்படும் கண்காணிப்புக் கேமராவின் வரலாறு பெரும்பாலும் ஒரு கருவியின் வளர்ச்சியாகவே எழுதப்படுகிறது. ஆனால் அது எந்தக் காலத்தில் எதை நோக்கித் திருப்பப்பட்டது என்று பார்த்தால்தான், அண்டை வீட்டாரிடையே அதனால் எழும் பூசல்களின் வேர் புலப்படும்.

வீட்டுக்கென வடிவமைக்கப்பட்ட தொடக்ககாலக் காணொளிக் காவல் அமைப்புகளுள் புகழ்பெற்றது, நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியைச் சேர்ந்த ஜமைக்காவில் உருவாயிற்று. மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற கறுப்பினச் செவிலியர், இரவு பகல் பாராத பணிமுறையால் பல வேளைகளில் வீட்டில் தனித்திருக்க நேர்ந்தவர். குற்றங்கள் மலிந்திருந்த அப்பகுதியில் அழைத்தவுடன் காவலர் வந்து சேர்வதுமில்லை. கதவைத் திறக்காமலே வந்தவர் யாரென்று அறியும் வழியைத் தேடிய அவர், மின்னணுத் தொழில்நுட்பம் அறிந்த தம் கணவர் ஆல்பர்ட் பிரவுனுடன் சேர்ந்து 1966ஆம் ஆண்டில் காப்புரிமைக்கு, அதாவது ஒரு கண்டுபிடிப்பின் மீது அதனைக் கண்டவருக்கு அரசு வழங்கும் தனியுரிமைக்கு, விண்ணப்பித்தார். 1969 டிசம்பர் 2 அன்று 3,482,037 என்ற எண்ணில் அது வழங்கப்பட்டது.

அதன் அமைப்பு நுணுகி நோக்கத் தக்கது. கதவில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் துளைகள் இடப்பட்டிருந்தன. நெட்டையானவர் வந்தால் மேல்துளை, சிறு பிள்ளை வந்தால் கீழ்த்துளை என்று கதவின் உட்புறத்தில் கேமரா ஏறி இறங்கியது. அது காட்டிய முகம் படுக்கையறையிலிருந்த திரையில் தெரிய, வீட்டிலிருப்பவர் ஒலிவாங்கியின் வழியே வந்தவரிடம் பேசி, நம்பத்தக்கவரென்றால் பொத்தானை அழுத்திக் கதவைத் திறக்கவும், ஐயத்துக்குரியவரென்றால் அபாய ஒலி எழுப்பவும் முடிந்தது. பாதுகாப்பு கிட்டாத ஒரு பெண்ணின் தேவையிலிருந்து பிறந்த இக்கருவியின் அக்கறை முழுவதும் தம் வாசலில் வந்து நின்றவர் மீதே இருந்தது. தெருவில் தம் வழியே போவோர் அதன் கவலையல்ல. இவ்வடக்கமே அதன் சிறப்பு எனலாம்.

தெருவைப் பார்க்கும் கேமரா வேறொரு வழியில் வளர்ந்தது. பிரிட்டனில் கடற்கரை நகரமான போர்ன்மத் 1985இல் பொதுவிடத்தில் கேமராக்களை நிறுவியது. 1993இல் லிவர்பூல் அருகே ஒரு வணிக வளாகத்திலிருந்து இரண்டு வயதுக் குழந்தை கடத்திக் கொல்லப்பட்டபோது, அவ்வளாகக் கேமரா பதித்த மங்கலான காட்சி நாட்டையே உலுக்க, நகரங்கள் கேமரா நிறுவ அரசு நிதி வழங்கத் தொடங்கியது. பிறகு விலை சரிந்ததும், நகராட்சி செய்ததைத் தனி வீடுகளும் செய்தன.

இவ்விரு மரபுகளும் ஒன்றோடொன்று மோதிய இடம் செக் குடியரசிலுள்ள ஒரு வீடு. பலமுறை தாக்குதலுக்கு ஆளான ஒரு குடும்பத் தலைவர், 2007 அக்டோபரில் தம் வீட்டுக் கூரையின் விளிம்புக்கடியில் அசையாத கேமரா ஒன்றைப் பொருத்தினார்; அது அவருடைய வாசலோடு பொது நடைபாதையையும் எதிர்வீட்டு வாசலையும் சேர்த்தே பதிவு செய்தது. சில நாள்களில் கவண்கல்லால் சன்னல் உடைக்கப்பட, பதிவின் துணையால் இருவர் அடையாளம் காணப்பட்டனர். அவர்களுள் ஒருவர், தம் இசைவின்றிப் படம் பிடித்தது முறையா என்று கேள்வி எழுப்பினார். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் முற்றிலும் தம் குடும்பத் தேவைக்காகவே கையாளும் தகவல்களுக்கு விலக்கு அளித்திருந்தது. எனினும் பொதுவிடத்தை நோக்கும் கேமராவுக்கு அவ்விலக்கு பொருந்தாதென 2014 டிசம்பர் 11 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிரையும் உடைமையையும் காக்கும் நியாயமான தேவையைச் சீர்தூக்கிப் பார்க்கலாம் என்பதையும் அது உடன் சேர்த்துச் சொன்னது. பாதிக்கப்பட்டவரின் அச்சத்தைப் புறந்தள்ளாமலே, கேமராவில் பதிவாகும் பிறரின் உரிமையையும் கருத்தில் கொண்ட தீர்ப்பு இது.

கேமராவுக்குக் காதும் முளைத்தபின் சிக்கல் கூடியது. இணையவழி இயங்கும் அழைப்புமணிக் கேமரா ஒன்று பக்கத்து வீட்டாரின் பேச்சையும் பதிவு செய்த வழக்கில், 2021இல் ஆக்ஸ்போர்டு கவுன்டி நீதிமன்றம், காட்சிப் பதிவைக் காட்டிலும் நெடுந்தொலைவு எட்டும் ஒலிப்பதிவே கூடுதல் சிக்கலுக்குரியது எனக் கண்டது. களவைத் தடுக்க முகம் போதும். அண்டை வீட்டுத் தோட்டத்துப் பேச்சு எதற்குத் தேவை என்ற வினாவுக்கு ஏற்கத்தக்க விடை இல்லை.

இந்தியாவில் இவ்வரலாறு இன்னும் முற்றுப்பெறவில்லை. சென்னை மாநகரக் காவல்துறை ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் குடியிருப்போரையும் வணிகர்களையும் கேமரா பொருத்த ஊக்குவித்தது. தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 2017 ஆகஸ்ட் 24இல். ஆயினும் 2023ஆம் ஆண்டு இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனியொருவர் சொந்த அல்லது குடும்பத் தேவைக்குக் கையாளும் தரவுகளைத் தன் வரம்புக்கு வெளியே விட்டுவிட்டது. எதிர்வீட்டு வாசலைப் பார்க்கும் கேமரா குடும்பத் தேவைக்குள் அடங்குமா என்பதை அச்சட்டம் வெளிப்படையாகச் சொல்லவில்லை.