பரதேசியின் பண்டிகை நாள்காட்டி

ஜனவரி முதல் தேதி ஜொகூரில் பொது விடுமுறை அல்ல. மலேசியாவின் மற்ற மாநிலங்கள் ஆண்டுப் பிறப்பைக் கொண்டாடிக்கொண்டிருக்க, ஜொகூர், கெடா, கிளந்தான், பெர்லிஸ், திரெங்கானு ஆகிய ஐந்து மாநிலங்களில் மட்டும் அலுவலகமும் ஆலையும் வழக்கம்போல் இயங்கும். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த கிறிஸ்தவர் முதல் ஆண்டிலேயே இடறும் கல் இது. நாசரேத்திலோ நாகர்கோவிலிலோ வளர்ந்தவருக்கு டிசம்பர் 31 இரவு ஆராதனை கிறிஸ்துமஸுக்குச் சற்றும் குறைந்ததல்ல. குடும்பத்தோடு கோயிலுக்குப் போய், பழைய ஆண்டின் கடைசி நிமிடங்களை முழங்காலில் கழித்து, மணி அடித்ததும் எழுந்து, அடுத்த ஆண்டுக்கான வாக்குத்தத்த வசன அட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால், விடிந்ததும் புத்தாடையும் கறிச்சோறும் காத்திருக்கும். ஜொகூரில் அதே அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நாலு மணி நேரம் தூங்கி, காலைப் பணிமுறைக்கு ஓட வேண்டும்.

ஊர் நினைவு என்றால் அம்மா முகம், வீட்டு முற்றம், மண் வாசனை என்று எழுதுவது வழக்கம். ஜொகூரில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவரைப் பொறுத்தவரை அந்த ஏக்கம் நாள்காட்டியில்தான் முதலில் தெரிகிறது. எந்த நாள் விடுமுறை, எந்த நாள் வேலை, ஊரில் இப்போது மணி என்ன என்ற மூன்று கணக்குகளுக்குள் அவருடைய பண்டிகை அடங்கிவிடுகிறது.

பெரிய வெள்ளியை எடுத்துக்கொள்ளலாம். மலேசியாவில் அது சபா, சரவாக் மாநிலங்களில் மட்டுமே பொது விடுமுறை. தீபகற்பத்தில் எங்கும் இல்லை. ஆனால் 2014 ஜனவரி முதல் 2024 டிசம்பர் வரை 11 ஆண்டுகள் ஜொகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. அதனால் யாரும் கேட்காமலே பெரிய வெள்ளி விடுமுறையாயிற்று. மூன்று மணி நேர ஏழு வார்த்தை ஆராதனையில் அவசரமில்லாமல் உட்கார முடிந்தது. அதற்கு ஈடாக உயிர்த்தெழுந்த ஞாயிறு வேலை நாளாயிற்று. அரசுப் பள்ளிகள் ஞாயிறன்று திறந்திருந்ததால் ஓய்வுநாள் பாடசாலைக்குப் போக வேண்டிய பிள்ளை சீருடையோடு வேறொரு பள்ளிக்குப் போனது. தனியார் நிறுவனங்கள் தங்கள் விருப்பப்படி விடுமுறை நாளை வைத்துக்கொள்ளலாம் என்று இருந்ததில் இன்னொரு சிக்கல். ஆசிரியையான மனைவிக்கு வெள்ளி விடுமுறை, ஆலைக்குப் போகும் கணவருக்கு ஞாயிறு விடுமுறை என்று ஒரே வீட்டில் இரண்டு வாரங்கள் நடந்தன. கத்தோலிக்கருக்குச் சனி மாலைத் திருப்பலியே ஞாயிறு கடமையை நிறைவேற்றும் என்ற திருச்சபை ஏற்பாடு அந்த ஆண்டுகளில் பெரிதும் கைகொடுத்தது. 2025 முதல் சனி, ஞாயிறு விடுமுறை திரும்பியது. அந்த ஆண்டு ஏப்ரல் 20இல் வந்த ஈஸ்டர் விடுமுறை நாளில் அமைந்தது. ஏப்ரல் 18 பெரிய வெள்ளிக்கு மறுபடியும் விடுப்பு எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

மணிக் கணக்கு இன்னும் நுட்பமானது. 1982 ஜனவரி 1 முதல் மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. ஜொகூர் பாருவில் நள்ளிரவுத் திருப்பலி தொடங்கும்போது ஊரில் இரவு ஒன்பதரை. அம்மா இன்னும் அடுப்படியில் இருப்பார். தெருவில் நட்சத்திர விளக்கு எரியும். கேரல் ரவுண்ட்ஸ் போன பிள்ளைகள் திரும்பியிருக்க மாட்டார்கள். ஊரில் மணி அடித்துக் குடிலில் பாலனை வைக்கும் வேளையில் இங்கே பின்னிரவு இரண்டரை. கைப்பேசித் திரையில் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுப் படுப்பவர் ஒரே இரவில் இரண்டு கிறிஸ்துமஸ்களை வாழ்ந்துவிடுகிறார். முதல் பிறப்பில் அவர் ஆலயத்தில் இருக்கிறார், வீட்டில் இல்லை. இரண்டாவதில் வீட்டைப் பார்க்கிறார், ஆனால் அங்கே இல்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தாருக்கு ஏக்கம் இன்னும் மூன்று வாரம் முன்பே தொடங்கிவிடும். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா. அன்று அந்த மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அதே சவேரியாருக்கும் ஜொகூர் கத்தோலிக்கர் சேர்ந்திருக்கும் மலாக்கா-ஜொகூர் மறைமாவட்டத்துக்கும் பழைய உறவு உண்டு. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து தமிழில் செபங்களை மனப்பாடம் செய்து மணப்பாட்டிலும் பிற கடற்கரைச் சிற்றூர்களிலும் சொல்லிக்கொடுத்தவர், 1545இல் மலாக்காவுக்கு வந்து மலாய் மொழியில் அதே வேலையைத் தொடங்கினார். 1552 டிசம்பர் 3இல் சீனக் கரையோரத் தீவு ஒன்றில் இறந்தபின், அவர் உடல் கோவாவுக்குப் போகும் வழியில் மலாக்கா குன்றின்மேல் ஆலயத்தில் சில மாதங்கள் அடக்கம் செய்யப்பட்டிருந்தது.

சவேரியார் ஊர் நினைவே இல்லாத இரும்பு மனிதர் என்று நினைக்க வேண்டாம். 1546இல் அம்போன் தீவிலிருந்து ஐரோப்பாவில் இருந்த தோழர்களுக்கு எழுதிய மடலில் அவர் ஒரு செய்தி சொல்கிறார். அவர்கள் அனுப்பிய கடிதங்களின் அடியில் அவரவர் கைப்பட இட்ட ஒப்பங்களை வெட்டியெடுத்து எப்போதும் தம்மோடு வைத்திருக்கிறாராம். இன்று கைப்பேசி உறைக்குள் பிள்ளையின் புகைப்படத்தை மடித்து வைத்திருக்கும் தொழிலாளி செய்வதும் ஏறக்குறைய அதுவே.

விசுவாசம் வலுவாக இருந்தால் ஊர் ஏக்கம் வராது என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. வேதம் அப்படிச் சொல்லவில்லை. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுததை 137ஆம் சங்கீதம் மறைக்கவில்லை. அந்நிய மண்ணில் பாட்டுப் பாட நாவெழவில்லை என்ற முறையீட்டையே அது பாட்டாக்கிவிட்டது. கிறிஸ்து பிறப்பும் வெளியூரில் நடந்தது: குடிமதிப்பு எழுதப் போன இடம், சத்திரத்தில் இடமில்லை, பிறகு எகிப்துக்கு ஓட்டம். குடிலை அலங்கரிக்கும்போது நாம் மறந்துவிடும் விவரம் அது.

இந்த இடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் தேர்ந்த ஒரு சொல் கவனிக்கத்தக்கது. 1715இல் தரங்கம்பாடியில் சீகன்பால்க் அச்சிட்ட புதிய ஏற்பாட்டில் தொடங்கி, தமிழ் வேதாகம நடை நூற்றாண்டுகளாகச் செதுக்கப்பட்டது. இன்றும் சீர்திருத்தச் சபைகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பில், எபிரெயர் நிருபத்தின் 11ஆம் அதிகாரமும் பேதுருவின் முதல் நிருபமும் விசுவாசிகளைப் ‘பரதேசிகள்’ என்கின்றன. பரதேசம் போனவன் பரதேசி, சொல் அவ்வளவுதான். ஆனால் தெருவில் அதற்கு ‘ஒன்றுமில்லாதவன்’, ‘பிச்சைக்காரன்’ என்று பொருள் இறங்கி, வசைச்சொல்லாகிவிட்டது. வசையாகக் கேட்டு வளர்ந்த சொல்லை ஆலயத்தில் மரியாதைப் பெயராகக் கேட்கும் அனுபவம் தமிழ்க் கிறிஸ்தவருக்கு உண்டு. பாளையங்கோட்டை எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, ஜான் பனியனின் ஆங்கிலக் கதையைத் தழுவி 1894இல் வெளியிட்ட ‘இரட்சணிய யாத்திரிகம்’ இந்தப் பரதேசியைத்தான் காப்பிய நாயகனாக்கியது. ஊரைவிட்டு நடந்துகொண்டே இருப்பவன் அவன்.

அதைவிடப் பழைய தமிழ்க் குரல் ஒன்றும் ஜொகூரில் இன்று ஒலிக்கிறது. கடல் கடந்து செல்லும் பயணம் மகளிரோடு நிகழ்வதில்லை என்று தொல்காப்பியத்தின் அகத்திணையியல் கூறும். பொருள் தேடிப் பிரிபவன் தனியே போவான்; மனைவி காத்திருப்பாள்; கார்காலம் வந்தால் திரும்புவான். மலேசியாவின் தற்காலிக வேலை அனுமதியும் தொழிலாளி தன் குடும்பத்தை அழைத்துவர இடம் தருவதில்லை. திணை மாறவில்லை, திரும்பும் பருவத்தைத்தான் மழைக்குப் பதிலாக ஒப்பந்தம் முடிவு செய்கிறது.

முன்பு வந்தவர்கள் கதை வேறு. கங்காணிகள் அழைத்துவந்த தோட்டத் தொழிலாளர்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்கள். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. அதில் வந்தவர்களில் கிறிஸ்தவர்களும் கணிசம். ஜொகூர் பாருவில் பிரெஞ்சுக் குருக்கள் 1883இலேயே அமலோற்பவ மாதா ஆலயத்தை நிறுவியிருந்தார்கள். ஆனால் குளுவாங், லாபிஸ், சிகாமட் பக்கத்து ரப்பர் காடுகளுக்குள் இருந்தவர்களுக்குப் பட்டணத்துக் கோயில் எட்டாத தூரம். தோட்டத்துச் சிற்றாலயமும், வாசிக்கத் தெரிந்த ஓர் உபதேசியாரும், எப்போதாவது வரும் குருவானவருமே அவர்களுடைய திருச்சபை. வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் ரப்பர் மரங்களுக்கிடையே ஒலித்தன. தஞ்சைக் கவிஞர் 1864இல் மறைந்தவர். அவருடைய பாட்டு கடலைக் கடந்தது.

அந்தத் தலைமுறைக்கு ‘ஊர்’ என்றால் தமிழ்நாடு. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு ‘ஊர்’ என்றால் அந்தத் தோட்டம்தான். ரப்பர் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது. செம்பனைக்கும் பிறகு பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் வந்தன. லயத்து வீடுகள் போனபோது சிற்றாலயங்கள் பலவும் போயின. மாசாயிலோ ஸ்கூடாயிலோ மாடிவீட்டில் குடியிருப்பவர் கிறிஸ்துமஸ் இரவில் ஏங்குவது, திரும்பிப் போய்ப் பார்க்க முடியாத ஓர் ஊருக்காக. அங்கே இப்போது வேறு பெயருள்ள ‘தாமான்’ என்ற குடியிருப்பு நிற்கிறது.

ஆகவே ஜொகூரில் ஒரு தமிழ்த் திருப்பலியில் உட்கார்ந்தால் ஒரே வரிசையில் மூன்று ஏக்கங்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. பாட்டிக்குக் கேள்விப்பட்ட தமிழகம். நடுவயதுக்காரருக்கு அழிந்த தோட்டம். உணவகத்தில் வேலை செய்யும் இளைஞருக்குச் சென்ற மாதம் விட்டுவந்த தூத்துக்குடி. அடுத்த திருப்பலிக்கு வெளியே காத்திருப்பவர்களில் பாசிர் கூடாங் ஆலைகளில் வேலை செய்யும் சரவாக்கியர் இருப்பார்கள். விடியற்காலை ஒன்பது நாள் திருப்பலிகளோடு கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் பிலிப்பினோக்கள் இருப்பார்கள்.

நான்காவது ஏக்கமும் உண்டு. அதற்குத் தூரம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல். ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் தரைப்பாலம் 1924இல் முறைப்படி திறக்கப்பட்டது. எல்லையைக் கடந்து நாள்தோறும் வேலைக்குப் போய்வருவோரில் தமிழர் ஏராளம். 2020 மார்ச் 18இல் பெருந்தொற்றுக்காக எல்லை மூடப்பட்டபோது சிங்கப்பூர்ப் பக்கம் தங்கிவிட்டவர்களுக்கு எதிர்க்கரையில் தங்கள் நகரத்து விளக்குகள் தெரிந்தன. அந்த ஈஸ்டர், அந்தக் கிறிஸ்துமஸ், அடுத்த ஈஸ்டர் மூன்றும் பலருக்கு அப்படியே கழிந்தன. 2021 நவம்பர் 29இல் தடுப்பூசி போட்டவர்களுக்கான பேருந்து வழி திறந்தபோது நாளொன்றுக்கு ஒரு திசையில் 1,440 பேருக்குத்தான் இடம். முழுத் திறப்புக்கு 2022 ஏப்ரல் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாகப்பட்டினத்துக் கப்பல் பயணத்தைப் பற்றித் தாத்தா சொன்னபோது புரியாத ஒன்று அப்போது பேரனுக்குப் புரிந்தது.

டிசம்பர் ஜொகூருக்கு மழைக்காலம். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் வேளையில், அதே பருவக்காற்று இங்கே உச்சத்தில் நிற்கும். 2006 டிசம்பர் மூன்றாம் வாரத்தில் தொடங்கிய வெள்ளம் கோத்தா திங்கி, சிகாமட், மூவார், பத்து பகாட் வட்டாரங்களை மூழ்கடித்தது. ஜனவரியில் இரண்டாம் அலை வந்தது. லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அந்த ஆண்டுப் பெருநாள் நிவாரண மையங்களில். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2004 டிசம்பர் 26 ஞாயிறன்று, ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனது. கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி வந்திருந்த பயணிகள் பலர் அதில் மாண்டார்கள். முன்னோர் கப்பலேறிய துறையைத் தொலைக்காட்சியில் அப்படிப் பார்த்தபோது, மூன்று தலைமுறையாக அங்கே போயிராத குடும்பங்களும் உறவினர் பெயர்களைத் தேடி எடுத்தன.

ஏக்கத்துக்கு மருந்தாக மனிதர் முதலில் கைவைப்பது அடுப்பில். ஜொகூரில் அது எளிது. ஊரில் கிறிஸ்துமஸுக்குச் சுடும் அச்சு முறுக்கு இங்கே ‘குவே ரோஸ்’ என்ற பெயரில் மலாய்க்காரர் நோன்புப் பெருநாளிலும் சீனர் புத்தாண்டிலும் டப்பா டப்பாவாக இருக்கிறது. புதிதாக வந்தவர் கடையில் அதைக் கண்டு திகைப்பார்: தன் வீட்டுப் பலகாரம் தனக்கு முன்பே இங்கு வந்து குடியேறிவிட்டது! ‘பசியாறிட்டீங்களா?’ என்று கேட்டபடி திறந்த இல்ல உபசரிப்புக்கு அழைக்கும் மலேசியத் தமிழர் வீட்டில், இந்துவும் முஸ்லிமும் சீனரும் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். நெல்லைச் சீமையில் அசனப் பண்டிகையன்று ஊரே ஒரே பந்தியில் உண்டு பழகியவருக்கு அந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது. ஊர் அசனத்துக்கு இங்கிருந்து பங்குப் பணம் அனுப்புவோரும் உண்டு. பந்தியில் இலை இல்லாவிட்டாலும் கணக்கில் பெயர் இருக்கும்.

ஆனால் அந்தத் திறந்த வீட்டுக்கு வர முடியாதவர்தான் பெரும்பாலும் அதிகம் ஏங்குபவர். உணவகங்களுக்கு டிசம்பர் 25 விடுமுறை அல்ல. கூட்டம் கூடும் நாள். தட்டெடுக்கும் இளைஞருக்கு நள்ளிரவில்தான் கை ஓயும். அதற்குள் ஆராதனை முடிந்து சபையின் கதவு பூட்டியிருக்கும். ஜனவரி 1 விடிந்தாலும் அதே நிலை.

ஜொகூரில் உள்ள தமிழ்ச் சபைகளும் பங்குகளும் வரும் டிசம்பரில் ஒன்று செய்யலாம். பகுதியில் உள்ள உணவகங்களிலும் ஆலை விடுதிகளிலும் தமிழ்க் கிறிஸ்தவர் யார் யார் என்று இப்போதே கேட்டு எழுதி வைக்கட்டும். 24ஆம் தேதியும் 31ஆம் தேதியும் இரவில் கடை சாத்தும் நேரம் கேட்டு, அதன்பின் ஒரு சிறு ஆராதனையும், போய்வர ஒரு வேனும், ஒரு தட்டுச் சோறும் ஏற்பாடு செய்யட்டும். அந்த ஆராதனையைப் பின்னிரவு இரண்டரைக்கு வைத்தால், அதே நேரத்தில்தான் அவர்களுடைய ஊர்க் கோயிலிலும் மணி அடிக்கும்.