நீதிமொழிகளில் ஞானத்தின் காவல்

நீதிமொழிகள் நூல் ஞானத்தைத் தீய வழிகளிலிருந்து மனிதனைக் காக்கும் காவலாகக் காண்கிறது. எபிரேய விவிலியத்தைச் சேர்ந்த இந்நூலின் 31 அதிகாரங்களில் முதல் 9 அதிகாரங்கள் இக்கருத்தை விரிவாக எடுத்துரைக்கின்றன. அதை முழுமையாகச் சொல்வது 2ஆம் அதிகாரம்.

அந்த அதிகாரம் எபிரேயத்தில் ஏறக்குறைய ஒரே நீண்ட வாக்கியம். எபிரேய எழுத்துகள் 22. இந்த அதிகாரத்தின் வசனங்களும் 22. முற்பாதியின் மூன்று பத்திகள் முதல் எழுத்தான ஆலெஃபிலும், பிற்பாதியின் மூன்று பத்திகள் 12ஆம் எழுத்தான லாமெதிலும் தொடங்குகின்றன. இவ்வளவு கவனத்தோடு கட்டப்பட்ட இப்பாடலில் ஒரு தந்தை மகனுக்கு நிபந்தனை வைக்கிறார். வெள்ளியையும் புதையலையும் தேடுவதுபோல் ஞானத்தைத் தேடினால் கர்த்தர் அதைத் தருவார். அது இருதயத்தில் குடியேறும். அதற்குப் பிறகே விவேகம் காவல் காக்கும். தேடாதவனுக்கு இந்தக் காவல் வாக்களிக்கப்படவில்லை.

ஆபத்து இரு வகையினரால் வருகிறது: புரட்டு பேசும் ஆண்கள், இச்சகம் பேசும் பிறன்மனைவி. இருவருக்கும் ஆயுதம் பேச்சே. 1ஆம் அதிகாரத்தில் ஒரு கொள்ளைக் கூட்டம் இளைஞனை அழைக்கிறது. வழிப்போக்கரைப் பதுங்கித் தாக்கலாம், கிடைப்பதை எல்லாருக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம் என்கிறது. பணத்தைவிட, தங்களுள் ஒருவனாகச் சேர்த்துக்கொள்கிறோம் என்ற அந்த ஆசை வார்த்தைதான் அதிகம் ஈர்க்கிறது. 7ஆம் அதிகாரத்துப் பெண் பொருத்தனைகளைச் செலுத்தி முடித்ததாகச் சொல்லிவிட்டுத்தான் இளைஞனை வீட்டுக்குக் கூப்பிடுகிறாள். கணவன் தூரப் பயணம் போயிருக்கிறான் என்ற செய்தி அதன் பிறகு வருகிறது. பக்தியின் மொழியையும் தீமை பேசும் என்பதை இக்காட்சி போலத் தெளிவாகக் காட்டும் இடங்கள் குறைவு.

9ஆம் அதிகாரம் இன்னும் நுட்பமானது. ஞானமும் மதியீனமும் இரு பெண்களாக உருவெடுத்து, ஏறக்குறைய ஒரே சொற்களால் பேதைகளை விருந்துக்கு அழைக்கின்றன. அழைப்பை மட்டும் கேட்பவனுக்கு வேறுபாடு தெரியாது. ஒவ்வொரு வீட்டின் வாசலும் எங்கே கொண்டுபோய் விடும் என்று முன்பே கற்றிருப்பவனுக்கே தெரியும். நூல் சொல்லும் பாதுகாப்பு இந்த முன்னறிவுதான். நூல் இளைஞர்களை நோக்கிப் பேசுவதால் சோதனைக்குப் பெண்முகம் தருகிறது. ஆயினும் ஞானத்துக்கும் பெண்ணுருவே தருகிறது. தாயின் போதனையைத் தந்தையின் போதனையோடு சேர்த்தே மதிக்கிறது. 31ஆம் அதிகாரத்தில் லேமுவேல் அரசனை மதுவைக் குறித்து எச்சரிப்பவர் அவனுடைய தாய்.

கெட்ட சகவாசம் பற்றிய எச்சரிக்கை பிற்பகுதியிலும் தொடர்கிறது. கோபக்காரனோடு நட்பு வைத்தால் அவன் வழிகளைக் கற்றுக்கொள்ள நேரும் என்கிறது 22ஆம் அதிகாரம். எகிப்தின் அமெனமோப்பே போதனையும் இதையே வலியுறுத்துகிறது. எகிப்தியலாளர் வாலிஸ் பட்ஜ் 1923இல் அந்நூலை வெளியிட்டார். மறு ஆண்டே மற்றோர் எகிப்தியலாளரான அடோல்ஃப் எர்மான் அதற்கும் நீதிமொழிகளுக்கும் உள்ள நெருக்கத்தை எடுத்துக்காட்டினார். இஸ்ரயேலின் ஞானிகள் அண்டை நாட்டார் அனுபவத்தையும் தயங்காமல் ஏற்றார்கள். ஆனால் கர்த்தருக்குப் பயப்படுவதே ஞானத்தின் தொடக்கம் என்ற அடித்தளத்தின் மேல் அதை வைத்தார்கள்.

இந்தக் காவலுக்கு எல்லைகளும் உண்டு. நீதிமானான யோபு பெருந்துன்பத்துக்குத் தப்பவில்லை. ஞானத்துக்குப் பேர்போன சாலொமோனின் இருதயத்தை முதுமையில் மனைவியர் அந்நிய தெய்வங்கள்பால் திருப்பியதை 1 இராஜாக்கள் 11ஆம் அதிகாரம் மறைக்காமல் சொல்கிறது. ஒருமுறை பெற்ற ஞானம் கடைசிவரை தானாகக் காத்துவிடாது.

இதே எச்சரிக்கைகள் புதிய ஏற்பாட்டிலும் தொடர்கின்றன. பவுல் கெட்ட நட்பைக் குறித்து எச்சரிக்கிறார். யாக்கோபு நிருபம் பரத்திலிருந்து வரும் ஞானத்தையும் பொறாமையில் பிறக்கும் ஞானத்தையும் பிரிக்கிறது. மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் பிசாசும் வேதவசனம் பேசுகிறான். ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கச் சொல்ல, காவலை வாக்களிக்கும் 91ஆம் சங்கீதத்தையே ஆதாரம் காட்டுகிறான். இயேசு உபாகமம் 6ஆம் அதிகாரத்தைக் கொண்டு அவனுக்கு மறுமொழி தருகிறார்.